மேனேஜரின் நாற்காலிக் கை

அம்பத்தூரில் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கில் நாற்காலிக் கைகள் வார்த்த அந்தக் கம்பெனியை மூடிப் பல காலமாகிறது. பழைய ஆட்கள் சந்தித்தால் இன்னும் அங்கே அச்சு வார்த்த செங்கமலத்தைப் பற்றிய பேச்சுதான்.

விற்ற வெள்ளை நாற்காலிக் கைகள் மஞ்சளாகி, வாங்கியவர்களிடமிருந்து திரும்பி வந்த அன்று, மேனேஜர் கோதண்டபாணி முதலாளியிடம் அவளைக் கைகாட்டினார். "அச்சுல சரியா இறுகறதுக்குள்ள பிடுங்கிட்டா சார்! கோடை பூரா மெஷின் பக்கத்துலயே நின்னு பார்த்தேன். இவளை வேலையை விட்டு நிறுத்துங்க."

செங்கமலம் ஜன்னலோரம் கிடந்த மேனேஜரின் நாற்காலியைக் காட்டினாள். "இதோட கையும் கோடை ஆரம்பத்துல நாங்க வார்த்ததுதான் முதலாளி. நல்லா இறுகினதுதான். வெயில் பட்ட இடமெல்லாம் மஞ்சளாயிடுச்சு. சாரோட முழங்கை இருந்த இடம் மட்டும் அப்படியே வெள்ளையா இருக்கு, பாருங்க."

முதலாளி குனிந்து பார்த்தார்.

"கோதண்டபாணி, நாற்காலியை அந்தம்மாவுக்குப் போட்டுட்டு, இனிமே நிஜமாவே நில்லுங்க."