குறுக்கே வந்தவர்

திருமேனி வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒரு கல்யாண வீட்டில் குடித்துவிட்டு வண்டியை எடுத்தார். வழியில் ஒரு சைக்கிளை இடித்து, வேன் புளியமரத்தில் போய் மோதியது. திருமேனியின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பூரணத்தம்மாளின் மடத்துக்கு வந்து சேர்ந்தார். அம்மாள் அவரைவிட வயதில் சின்னவர். இருந்தும் திருமேனி அவரைக் குருவாக ஏற்றுக்கொண்டார்.

வழக்கு விசாரணைக்கு முந்தின நாள் திருமேனி கேட்டார்.

"அம்மா, கால் போச்சு. பொழப்பும் போச்சு. இதுக்கு மேல கோர்ட்டு வேற தண்டிக்கணுமா?"

"வக்கீல் என்ன சொல்றார்?"

"ரத்தம் லேட்டாத்தான் எடுத்தாங்களாம். குடிச்சிருந்தேங்கறதை நிரூபிக்க முடியாம பண்ணிடலாம்ங்கறார். சைக்கிள்காரர் குறுக்கே வந்துட்டார்னு மட்டும் நான் சொல்லணுமாம்."

அம்மாள் ஆட்டோ பிடித்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார்.

சைக்கிளில் மீன் விற்ற சூசையின் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. தோளெலும்பு உடைந்து சூசை கட்டிலில் கிடந்தார். திருமேனியைப் பார்த்ததும் கோபப்படவில்லை. எழுந்து உட்காரப் பார்த்தார்.

"உங்ககிட்ட கேக்கணும்னுதான் இருந்தேன். அன்னிக்கு நடந்தது ஒண்ணுமே எனக்கு நெனப்பு இல்ல. நான்தான் குறுக்கே வந்தேன்னு எல்லாரும் சொல்றாங்க. என் வீட்டுக்காரியும் நம்பிட்டா. உங்க காலு என்னாலதான் போச்சா?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

திருமேனி அம்மாளைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சூசை. நீங்க ஓரமாத்தான் போனீங்க. நான் குடிச்சிருந்தேன்."

சூசை கண்ணை மூடிக்கொண்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, புருஷனின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"கோர்ட்டுலயும் இதைச் சொல்வீங்களா?" என்று கேட்டார் சூசை.

"சொல்றேன்."

திரும்பும் வழியெல்லாம் திருமேனி அழுதார்.

"ஜெயில்தான்மா எனக்கு. இனிமே என்னைச் சிஷ்யன்னு வெளியில சொல்லுவீங்களா?"

"சொல்லமாட்டேன்."

ஆட்டோ குலுக்கலில் நழுவிய அவருடைய ஊன்றுகோலை அம்மாள் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஜெயில்ல பார்க்கப் போனா, என்ன சொந்தம்னு கேப்பாங்களாம். அண்ணன்னு சொல்லிக்கிறேன்."