கருவண்டு உள்ளே திரும்பிய கதை

மரமும் வண்டும் மனுசரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், துளை போடும் கருவி யாரிடமும் இல்லை. கொம்பையா ஆசாரி கருவண்டைத்தான் வேலைக்குக் கூப்பிடுவார்.

கருவண்டு மரத்தின் இந்தப் பக்கம் நுழைந்தால் அந்தப் பக்கம் வந்துவிடும். அதனால் அதற்கு வீடென்று ஒன்று அமையவில்லை. எந்தத் துளையில் முட்டையிட்டாலும் இரண்டு பக்கமும் காற்றும் மழையும்தான். அந்த வருடம் முட்டையிடும் பருவம் நெருங்கியது, வானமும் கறுக்கத் தொடங்கியிருந்தது.

"தொட்டிலுக்கு ரெண்டு சட்டம். சட்டத்துக்குப் பன்னிரண்டு துளை. முடிச்சுக் கொடு, மூடி போட்ட பெட்டி ஒண்ணு செஞ்சு தர்றேன்" என்றார் ஆசாரி.

வண்டு தன் உடம்பையே அளவாக வைத்துக்கொண்டது. மூன்று உடம்பு நீளம் தள்ளி ஒரு துளை. முதல் சட்டம் கச்சிதமாக வந்தது. பத்து நாள் கழித்து இரண்டாவதையும் அப்படியே துளைத்தது.

ஆசாரி இரண்டு சட்டத்துக்கும் நடுவே குச்சிகளைப் பொருத்திப் பார்த்தார். முதல் குச்சி நேராக நின்றது. அடுத்தடுத்தது சாயச் சாய, பன்னிரண்டாவது கள்ளுக் குடித்தவன் மாதிரி நின்றது. இரண்டாவது சட்டத்தில் எல்லாமே லொடலொடத்தன.

"வண்டம்மா, எதை வச்சு அளந்தே?"

"என்னை வச்சுத்தான்."

"பத்து நாளா முட்டையும் வயிறுமாப் பெருத்துக்கிட்டு வர்றியே, அதைக் கழிச்சியா?"

வண்டு குனிந்து தன் வயிற்றைப் பார்த்தது. "அப்போ என் பெட்டி?"

"தொட்டிலே இல்லைங்கிறேன். பெட்டி எங்கேருந்து வரும்?"

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. வண்டு போக்கிடமில்லாமல் பாழாய்ப்போன சட்டத்தின் துளையில் நுழைந்தது. இரண்டு பக்கமும் சாரல். நடுவில் நின்று யோசித்தது. பிறகு மரத்தின் ரேகை ஓடும் திசையில், நீளவாக்கில் சட்டென்று திரும்பிக் குடைய ஆரம்பித்தது.

மழை விட்டதும், சட்டத்தை விறகாக்கக் கோடரியோடு வந்தார் ஆசாரி. துளை வாயில் புதுத் தூள் உதிர்ந்திருந்தது.

"வெளியே வா."

"பிள்ளைங்க உள்ளே இருக்குதுங்க ஆசாரியாரே. பிளக்கிறதுன்னா என்னையும் சேர்த்துப் பிளந்துடுங்க."

ஆசாரி குனிந்து பார்த்தார். உள்ளே ஈரமில்லை, காற்றும் இல்லை. கோடரியைச் சுவரில் சாய்த்தார்.

"அப்போ என் தொட்டிலுக்கு வழி?"

"முதல்ல துளைச்ச சட்டம் பழுதில்லையே. புதுச் சட்டத்தைக் கீழே வச்சு, ரெண்டையும் சேர்த்துக் கட்டுங்க. பழைய துளை வழியாவே இறங்குறேன். இனி அளவே எடுக்க வேண்டாம். முட்டையும் இட்டாச்சு, பழையபடி மெலிஞ்சுட்டேன்."

பன்னிரண்டு குச்சியும் நேராக நின்றன. பாழான சட்டம், உள்ளே இருந்த முட்டைகளோடு, ஆசாரி வீட்டுக் கூரையின் இறவாரத்தில் நனையாமல் ஏறியது.

அன்று முதல்தான், சரியாக வந்த முதல் சட்டத்தை மேலே வைத்துக் கட்டி மற்றதைத் துளைக்கும் வழக்கம் ஆசாரிமாரிடம் வந்தது. கருவண்டும், நேராகத் துளைத்துக்கொண்டு போய் மறுபக்கம் வராமல், மரத்துக்குள்ளேயே திரும்பிவிடுகிறது.