வெட்டுப்பட்ட தெர்மோஸ்டாட்

இந்தக் கதையில் பேயும் இல்லை, ராஜாவும் இல்லை. ஒரு ஃபிரிட்ஜும் மூன்று பேரும்தான். ஆனாலும் கவனமாகக் கேளுங்கள். கடைசியில் நான் கேட்பதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

கோவில்பட்டியில் ஜெபமணி என்று ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக். வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம். கழற்றிய பழைய சாமானை வீட்டுக்காரர் கையில் கொடுத்து, எது கெட்டது, எப்படிக் கெட்டது என்று காட்டிவிட்டுத்தான் படியிறங்குவார். நல்லதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான் என்று ஒருத்தர் சொல்லிவிடக் கூடாதாம். இருபது வருடமாகப் பெருமையடித்துக்கொண்டிருந்த இந்த வழக்கத்திலேயே ஒரு வெள்ளிக்கிழமை மாட்டிக்கொண்டார்.

தீப்பெட்டி ஆபீஸ் மேனேஜர் ஆறுமுகநயினார் வீட்டு ஃபிரிட்ஜ் ஓடவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னாலும் இதே கோளாறுதான். கதவைத் திறந்தால் பல்பு எரியும், மோட்டார் மட்டும் எடுக்காது. அப்போது ஜெபமணி, குளிருக்கு ஏற்ப மோட்டாரை ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட்டின் இரண்டு ஒயர்களையும் நேராகச் சேர்த்துப் பார்த்தார். மோட்டார் உடனே ஓடியது. தெர்மோஸ்டாட்தான் போயிருக்கிறது, அதிலிருந்து ஐஸ் பெட்டிக்குப் போகும் மெல்லிய குழாய் பழசாகி ஒடிந்துவிட்டது என்று அவரே தீர்ப்பும் சொன்னார். கம்பெனி கைவிட்ட மாடல். அதே நம்பரில், அதே குழாய் நீளத்தில் வேண்டும். மதுரையில் பழைய ஃபிரிட்ஜ் உடைக்கிற கடைகளில் தேடிப் பிடிக்கப் பத்து நாள் ஆயிற்று. இரண்டு கிடைத்தன. ஒன்றை மாட்டிவிட்டு மற்றதைப் பையில் வைத்துக்கொண்டார்.

இப்போது கழற்றிப் பார்த்தால், அன்று மாட்டியதன் குழாயும் துண்டாகிக் கிடந்தது. நல்லதாகப் பார்த்து மாட்டிய குழாய் இரண்டே மாதத்தில் ஒடியாது. முனை வேறு கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல் நேராக இருந்தது. ஜெபமணி நிமிர்ந்தார். நயினாரின் மனைவி செண்பகவல்லி அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, சாமான் கிடைக்கலன்னு சொல்லிருங்க. ஒரு பத்து நாளாவது," என்றாள்.

அவள் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நயினார் அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத்துக் காய், பால், மீன் எல்லாம் அவரே வாங்கி வந்து ஃபிரிட்ஜில் அடுக்கிவிடுவார். பெண்டாட்டி வெயிலில் அலையக் கூடாது என்பதற்காகவே வாங்கிய ஃபிரிட்ஜ். வாசலில் பூட்டு கிடையாது. ஆனால் அவள் தெருவில் இறங்கினால், எங்கே, எதற்கு என்று அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். சொல்ல அவளிடம் ஒரு காரணமும் இல்லை. ஃபிரிட்ஜ் படுத்திருந்த பத்து நாளும் அவருக்கு ஆபீஸில் அவசர ஆர்டர் இருந்ததால், தினமும் காலையில் அவளே சந்தைக்குப் போனாள். கீரைக்காரியிடம் ஊர்க்கதை கேட்டாள், ரயில்வே கேட் அடைத்திருந்தால் நின்று ரயில் பார்த்தாள். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் மூச்சு விட்டது அந்தப் பத்து நாள்தான் என்றாள்.

ஜெபமணிக்குக் கிடைக்கவில்லை என்று சொல்வது சுலபம். ஆனால் நயினார் காலையிலேயே போனில், சாமான் கிடைக்காவிட்டால் எக்ஸ்சேஞ்சில் டபுள் டோர் எடுத்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார். அது வந்தால் ஒரு வாரச் சாமான் இரண்டு வாரச் சாமானாகும். மாட்டினால் அவள் உள்ளே. மாட்டாவிட்டாலும் உள்ளே. உள்ளதைச் சொன்னால் இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசிக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

மதியம் நயினார் சாப்பிட வருவதற்குள் பையிலிருந்ததை எடுத்து மாட்டினார். வெட்டுப்பட்ட முனையைப் பிளையரால் நசுக்கி வளைத்தார். நயினார் வந்ததும் வழக்கப்படி அதைக் கையில் கொடுத்து, இருபது வருடத்தில் முதல் பொய்யைச் சொன்னார்.

"மோட்டார் வீக்கா இருக்கு சார். இழுத்து இழுத்து ஓடுன அதிர்வுல குழாய் ஒடிஞ்சிருக்கு. இனிமே வாரச் சாமானை மொத்தமா அடுக்காதீங்க. பால், காயெல்லாம் அன்னன்னைக்கு வாங்கிக்கிடுங்க."

கெட்டிக்காரப் பொய்தான். நயினாரும் அப்படியே நம்பினார். கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்து மிகுந்த பிரியத்தோடு சொன்னார்.

"அதுக்கென்ன, ஆபீஸ் போறதுக்கு முன்னால தினம் நானே வாங்கிக் குடுத்துட்டுப் போறேன். நீ எதுக்கு அலையணும்?"

செண்பகவல்லி வந்து அவர் கையிலிருந்த தெர்மோஸ்டாட்டை வாங்கிக்கொண்டாள்.

"மோட்டார் நல்லாத்தாங்க இருக்கு. குழாய் ஒடியல. நாந்தான் கத்தரிக்கோலால வெட்டுனேன். ரெண்டு தடவையும்," என்றாள்.

நயினார் ஜெபமணியைப் பார்த்தார். ஜெபமணி தலையைக் குனிந்துகொண்டார்.

இனி உங்கள் பாடு. பிரியத்தால் மனைவியை வீட்டுக்குள் வைத்தவர் ஒருவர். அவளுக்காகத் தன் இருபது வருடப் பெயரைப் பணயம் வைத்துப் பொய் சொன்னவர் ஒருவர். தன்னைக் காப்பாற்ற வந்தவரையே பொய்யனாக்கி உண்மையைச் சொன்னவள் ஒருத்தி. இதில் யார் செய்தது சரி?

விடை: ஜெபமணி நல்லவர்தான். ஆனால் அவரும் அவளுக்கு இன்னொரு காரணத்தைத்தான் தேடிக் கொடுத்தார், அதை நயினார் ஒரே வார்த்தையில் பிடுங்கிக்கொண்டார். நயினார் கெட்டவர் இல்லை, கேட்காதவர். ஒன்பது வருடத்தில் உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு தடவை கேட்டிருந்தால் குழாய் தப்பியிருக்கும். வெட்டியது தப்பு, சொன்னது சரி. ஆகவே என் ஓட்டு செண்பகவல்லிக்கு. அன்றைக்கு அந்த வீட்டில் பெரிய சண்டை, இரண்டு நாள் பேச்சில்லை. ஃபிரிட்ஜ் இப்போது நிறைந்திருக்கிறது, நன்றாக ஓடுகிறது. காலையில் அவள் செருப்பை மாட்டும்போது நயினார் இன்னும் எங்கே, எதற்கு என்று கேட்கத்தான் செய்கிறார். "சும்மாதான்" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.