தூக்கணாங்குருவி கற்றுக்கொடுத்த கொண்டை

அந்தக் காலத்தில் பறவைக்கும் மனுசருக்கும் ஒரே பேச்சுதான். கிணற்றடியில் நின்று ஒருத்தி ஏதாவது கேட்டால் பனைமரத்திலிருந்து பதில் வரும். ஆனால் பெண்களுக்குக் கொண்டை போட மட்டும் தெரியாது. முடியை விரித்துப் போட்டுக்கொண்டுதான் நாற்று நட்டார்கள், சுள்ளி பொறுக்கினார்கள். கொஞ்சம் முடி உள்ளவளுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. சடைச்சிக்குத்தான் பெரும்பாடு.

சடைச்சியின் முடி முழங்காலைத் தொடும். அடர்த்தியென்றால் அப்படியோர் அடர்த்தி, சுருட்டை வேறு. நாற்று நடக் குனிந்தால் சேற்றில் புரளும். கூழ் குடிக்கக் குனிந்தால் கலயத்துக்குள் விழும். வாழைநாரால் கட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் நார் அறுந்துவிடும். "இவ ஒரு வரிசை நடுறதுக்குள்ள நாங்க வயலையே முடிச்சிருவோம்" என்று கூட நட்டவர்கள் ஏசினார்கள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கிணற்றடியில் உட்கார்ந்து, அரிவாளை எடுத்து முடியை அறுக்கப் போனாள்.

கிணற்றின்மேல் சாய்ந்து நின்ற பனையில் மஞ்சன் என்கிற தூக்கணாங்குருவி, தன் பெண்டாட்டி தவிட்டாயிக்காகக் கூடு கட்டிக்கொண்டிருந்தான்.

"ஏ தாயி, அரிவாளைக் கீழ போடு!" என்று கத்திக்கொண்டே இறங்கினான். "நாரு எதுக்கு? முடிய முடியாலயே கட்டு. நான் ஓலையில முதல் முடிச்சை அப்படித்தான் போடுறேன்."

"தெரிஞ்சா கட்ட மாட்டனா, அண்ணே?" என்றாள் சடைச்சி.

"எல்லாத்தையும் பிடரிக்கு அள்ளிக் கொண்டா. கயிறு திரிக்கிற மாதிரி முறுக்கு. இன்னும் இறுக்கி. இப்போ கையைச் சுத்தி ஒரு வளையம். நுனிய வளையத்துக்குள்ள விட்டு இழு. மிச்சத்த அடியில செருகு. அவ்வளவுதான்!"

இரண்டு தடவை அவிழ்ந்தது. மூன்றாவது தடவை அவனே அவள் தோளில் உட்கார்ந்து, நுனியை அலகால் கவ்வி இழுத்துச் செருகினான். சடைச்சி தலையை ஆட்டிப் பார்த்தாள். குனிந்து பார்த்தாள். குதித்தும் பார்த்தாள். கொண்டை அசையவே இல்லை. அவள் சிரித்த சிரிப்பு பனையுச்சிவரை கேட்டது.

அங்கேதான் தவிட்டாயி உட்கார்ந்திருந்தாள். பெண்டாட்டிக்காரி பார்க்கக்கூடிய காட்சியா அது? தன் புருசன் இன்னொருத்தி தோளில் உட்கார்ந்து, அவள் முடியை வாயில் கவ்விக்கொண்டு இருக்கிறான். அந்த அலகு தன் இறகைக் கோதி எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்தாள். கிணற்றுத் தண்ணீரில் தன் உருவத்தையும் பார்த்தாள். தவிட்டு நிறம். தலையில் கொண்டையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது.

மஞ்சன் சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. மரத்துக்கு வந்ததும் வராததுமாக, "அந்தப் பிள்ளை முடி என்ன பலங்கிற! ஒத்த முடியில ஒரு கூட்டையே தொங்க விடலாம்" என்றான். எந்தப் புருசனாவது பெண்டாட்டியிடம் இன்னொருத்தி முடியைப் புகழ்வானா? இவன் புகழ்ந்தான். சூதுவாது தெரியாதவன் வாய்க்குப் பூட்டு ஏது!

ஒரே வாரத்தில் ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி, ஊர்ப் பெண்கள் எல்லாருமே கொண்டை போடப் பழகிவிட்டார்கள். ஆனாலும் சடைச்சி தினமும் காலையில் பனையடிக்கு வந்து, "அண்ணே, சரியா இருக்கா?" என்று திரும்பி நின்று காட்டுவாள். "அண்ணனாம் அண்ணன்" என்று தவிட்டாயி கூட்டுக்குள் முணுமுணுப்பாள்.

கூடு முடிந்து அவள் மூன்று முட்டை இட்டிருந்த சமயம், ஒரு மைனா வந்து பக்கத்து மட்டையில் உட்கார்ந்தது.

"நமக்கெதுக்குடி ஊர்வம்பு" என்றுதான் ஆரம்பித்தது. "ஆனா வயக்காடு பூரா ஒன் வீட்டுக்காரர் பேச்சுதான். நேத்துகூட சடைச்சி எதையோ பொத்திக் கொண்டாந்து குடுத்தாளாம், இவரும் வாங்கிக்கிட்டுப் பறந்தாராம். ஒங்கிட்டச் சொல்லியிருப்பாரே?"

சொல்லவில்லை. மைனா போய்விட்டது. தவிட்டாயிக்கு முட்டைமேல் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தாள், திரும்பினாள், முட்டைகளை நகர்த்தினாள். அடியில் ஏதோ கறுப்பாக மின்னியது.

முடி. நீளமான சுருட்டை முடி. ஒன்றிரண்டு இல்லை, முட்டைக் குழியைச் சுற்றிலும் வைத்துப் பின்னியிருந்தது.

"என் வீட்டுக்குள்ளயே வந்துட்டாளா?"

தூக்கணாங்குருவி முடிச்சுக்கு ஒரு குணம் உண்டு. அடியைப் பிடித்து இழுத்தால் இறுகும், நுனியைப் பிடித்து இழுத்தால் அவிழும். கண் திறக்காத குஞ்சுக்குக்கூட அது தெரியும். ஆத்திரத்தில் தவிட்டாயி நுனியைப் பிடித்து இழுத்தாள். முடி வந்தது. அதோடு பின்னியிருந்த புல்லும் வந்தது. கூட்டின் அடி பிளந்தது. முட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிணற்றில் விழுந்தன.

அந்த நேரம் பார்த்துக் குடத்தோடு வந்தாள் சடைச்சி. அண்ணாந்து பார்த்தவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

"ஐயோ மதினி, கூடு எப்படிப் பிரிஞ்சுது? காத்தடிச்சா மதினிக்கு முட்டை உருளுதுன்னு அண்ணன் கவலைப்பட்டாரே! அதுக்குத்தான நான் சீவையில உதிர்ந்த முடிய எல்லாம் சேர்த்து வச்சுக் குடுத்தேன். நீங்க இரைக்குப் போன நேரமாப் பாத்துப் பின்னி வச்சிட்டு, ஒங்ககிட்ட இப்பச் சொல்லவேண்டாம், முட்டை அசையாம இருக்கிறதைப் பார்த்து அவளே கேட்கட்டும்னாரே!"

தவிட்டாயியின் வாயில் முடி இருந்தது.

மஞ்சன் புல்லோடு திரும்பி வந்தான். கூட்டைப் பார்த்தான், கிணற்றைப் பார்த்தான், அவள் வாயைப் பார்த்தான். புல் அலகிலிருந்து நழுவி விழுந்தது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, புள்ள" என்றான்.

அன்று முழுக்க மட்டையில் உட்கார்ந்தே இருந்தான். மறுநாள் விடிந்ததும் வேறொரு ஓலையில் முதல் முடிச்சைப் போட ஆரம்பித்தான். தவிட்டாயி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனாள்.

"பாதி கட்டினதும் என்னைக் கூப்பிடுங்க. ஒவ்வொரு நாராப் பிடிச்சு இழுத்துப் பாக்குறேன். நான் சரின்னு சொன்னாத்தான் மீதியக் கட்டணும்."

"இன்னும் என்மேல நம்பிக்கை வரலையா?"

"ஒங்கள நம்புறேன்" என்றாள் தவிட்டாயி. "என்னைத்தான் நம்பல. எம்புத்தி மறுபடி கெட்டுச்சுன்னா, அது முட்டை இடுறதுக்கு முன்னால கெடட்டும்."

அன்று முதல்தான் பெண்கள் சீவி உதிர்ந்த முடி எந்தக் கூட்டுக்கும் போய்விடக் கூடாதென்று, அதைக் காற்றில் விடாமல் விரலில் சுருட்டிப் போடுகிறார்கள். வேலைக்குக் குனியும் முன் ஒரு முடிகூட வெளியே பறக்காதபடி அள்ளி முடிந்து, நுனியை உள்ளே செருகிக்கொள்கிறார்கள். அன்று முதல்தான் தூக்கணாங்குருவி பாதிக் கூட்டோடு நிறுத்திவிட்டுப் பெண்டாட்டியைக் கூப்பிடுகிறது. அவள் வந்து இழுத்துப் பார்த்து, மனசு ஒப்பாமல் பறந்துவிட்டால், ஏன் என்று கேட்காமல் அடுத்த ஓலைக்குப் போய்விடுகிறது. கிணற்றோரப் பனைகளில் முட்டையே காணாத அரைக்கூடுகள் இன்றைக்கும் அத்தனை தொங்குகின்றன.