தணிகாசலம் எடுத்த முப்பத்தாறு போட்டோ

தேஞ்சு போயிடும்னு மூளைய பத்திரமா வீட்லயே வச்சுட்டு வெளிய கெளம்புற நாலு பேரு மெட்ராஸ்ல சூளைப் பக்கம் இருந்தாங்க. செல்போன் எல்லாம் வராத காலம். தணிகாசலம், எத்திராஜு, லோகு, கன்னியப்பன். நாலு பேரும் ஒரே பிளைவுட் கடையில லோடு எறக்குறவங்க. அதுல தணிகாசலத்துக்குத்தான் அறிவு ஜாஸ்தின்னு மத்த மூணு பேரும் சொல்லுவாங்க. அதுலயே உங்களுக்கு வெளங்கியிருக்கும்.

தணிகாசலத்துக்கு வயசு முப்பத்தி நாலு. ஆறு எடத்துல பொண்ணு கேட்டு ஆறும் தட்டிப் போச்சு. ஏழாவதா அம்பத்தூர்ல ஒரு எடம். பொண்ணு பேரு அமுலு. அவ அப்பா வேதாசலம் சொல்லி அனுப்பினாரு: "ஸ்டூடியோ தெரைக்கு முன்னாடி வெறச்சுக்கிட்டு நிக்கிற போட்டோ வேணாம். பையன் நாலு எடத்துக்குப் போயி சாதாரணமா நிக்கிற மாதிரி குடுங்க. புதன்கிழமைக்குள்ள வரணும். வேற ஒரு எடத்துலயும் கேட்டுட்டு இருக்காங்க."

இதுவும் போச்சுன்னா இனிமே பொண்ணு தேட மாட்டேன்னு அக்கா சுலோச்சனா கைய விரிச்சுட்டா. கவலையில தணிகாசலத்துக்கு ரெண்டு நாளா சோறே எறங்கல. அதாவது, மூணாவது தட்டு எறங்கல.

நல்ல வேளையா அக்கா வீட்டுக்காரரு நாகபூஷணம் மஸ்கட்லேந்து லீவுல வந்தாரு. கையில புத்தம் புது கேமரா. பிலிம் ரோல் போட்டுக் குடுத்து பாடமும் சொல்லிக் குடுத்தாரு.

"தணி, நல்லா கேட்டுக்க. சூரியன் எப்பவும் எடுக்குறவன் முதுகு மேல அடிக்கணும். நிக்கிறவன் எவனும் கண்ண மூடக் கூடாது. முக்கியமா, கேமராவ உன் கைய வுட்டு எறக்காத. எவன் கேட்டாலும் குடுக்காத. முப்பத்தாறு போட்டோ இருக்கு, ஒண்ணு கூட வீணாவக் கூடாது."

"சரி மாமா"ன்னான் தணிகாசலம். சொன்னத சொன்னபடி செய்யிற பையன். அதான் பிரச்சனையே.

அன்னிக்கு ராத்திரி ஒரு கையாலயே சாப்ட்டான், ஒரு கையாலயே சட்டைய கழட்டினான். காலையில குளிக்கும்போது கேமரா கை மட்டும் பாத்ரூம் கதவுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. ஞாயித்துக்கிழம நாலு பேரும் பஸ் புடிச்சு மெரினா போய் எறங்கினா, மணி பன்னெண்டு. மண்ணு வறுத்து எடுக்குது.

மூணு பேரும் கடலுக்கு முன்னாடி வரிசையா நின்னாங்க. தணிகாசலம் கேமராவ கண்ணுல வச்சான். அப்புறம் எடுத்தான். மேல பாத்தான்.

"மச்சான், சூரியன் தலைக்கு மேல இருக்கு. மாமா முதுகு மேலன்னு சொன்னாரு."

கூடி ஒக்காந்து யோசிச்சாங்க.

"சாயங்காலம் வரைக்கும் நிப்போம். தானா எறங்கி வரும்" அப்டின்னான் எத்திராஜு.

"சாயங்காலம் எனக்கு தண்ணி புடிக்கணும்" அப்டின்னான் கன்னியப்பன்.

லோகு ரொம்ப நேரம் மோவாயத் தடவிட்டு தீர்ப்பு சொன்னான். "சூரியன நம்ம நகத்த முடியாது. முதுக நகத்தலாம். நீ குப்புறப் படு."

தணிகாசலம் சுடு மண்ணுல குப்புற விழுந்தான். என்னா ஆச்சரியம், சூரியன் கரெக்டா முதுகு மேல. வயிறு தோசக்கல்லு மேல கெடக்குற மாதிரி இருந்துச்சு, ஆனா ஏழாவது எடமாச்சே, பொறுத்துக்கிட்டான். அமுக்கினான். முதல் போட்டோவுல மூணு ஜோடி செருப்பு, அதுக்கு ரொம்ப மேல ஆறு மூக்கு ஓட்டை.

"நில்லு நில்லு. கன்னியப்பன் கண்ண மூடினான்" அப்டின்னு கத்தினான்.

"காத்துல மண்ணு வருது, நான் என்ன பண்றது?"

இதுக்கும் ஒரு கூட்டம் போட்டாங்க. கன்னியப்பன் கண்ண எத்திராஜு விரலால தெறந்து புடிச்சுக்கிறதுன்னு முடிவாச்சு. அப்ப எத்திராஜு கண்ண? லோகு புடிப்பான். லோகு கண்ண கன்னியப்பன் புடிப்பான். மூணு தடிப் பசங்க வட்டமா நின்னு, ஒருத்தன் இமைய ஒருத்தன் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க, நாலாவது ஒருத்தன் காலடியில குப்புறக் கெடக்குறான். சுண்டல் விக்கிறவரு யாவாரத்த மறந்துட்டு பாத்துக்கிட்டு நின்னாரு.

அந்தப் பக்கமா கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் வந்தாரு. மனசு எளகின ஆளு.

"தம்பி, நீ மட்டும் எதுலயுமே வரலியே. இப்டி குடு, நாலு பேரையும் சேத்து நான் எடுத்துத் தரேன்."

தணிகாசலம் கேமராவ நெஞ்சோட அணைச்சுக்கிட்டான்.

"எவன் கேட்டாலும் குடுக்காதன்னு மாமா சொல்லியிருக்காரு."

"நான் ரிட்டையர்டு தாசில்தார்ப்பா."

"மச்சான், மாமா தாசில்தாருக்குன்னு தனியா எதனா சொன்னாரா?" அப்டின்னான் லோகு.

"ஒண்ணும் சொல்லல."

"அப்ப குடுக்காத. ஆனா பெரியவரு பாவம், போட்டோவுக்கு ஆசப்பட்டு வந்திருக்காரு. நடுவுல நிக்க வை."

அவரு வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்ல நடுவுல நிறுத்தி, கண்ணாடியக் கழட்டி, ரெண்டு இமையையும் தூக்கிப் புடிச்சாங்க. கிளிக். அதுக்கப்புறம் அவரு அந்தப் பக்கம் வாக்கிங்கே வரல.

லைட் ஹவுசு, சென்ட்ரல் ஸ்டேஷன் வாசல், மவுண்ட் ரோடு பஸ் ஸ்டாப்புன்னு ஊரெல்லாம் சுத்தி, போன எடத்துல எல்லாம் குப்புறப் படுத்து, முப்பத்தாறையும் முடிச்சான்.

செவ்வாக்கிழம ஸ்டூடியோவுல கவர வாங்கிப் பிரிச்சாங்க. தணிகாசலம் ஒண்ணொண்ணா பாத்தான். எத்திராஜு இருக்கான். லோகு இருக்கான். கன்னியப்பன் இருக்கான். தாசில்தார் கூட இருக்காரு. முப்பத்தாறாவத பாத்ததும் மூஞ்சி செத்துப் போச்சு.

"நான் எதுலயும் இல்லியேடா. நாளைக்கு புதன்கிழம."

"முப்பத்தாறுலயும் இல்லாம எப்டிடா போவ? நம்ம கூடத்தான வந்த?" கன்னியப்பனுக்கு கோவமே வந்துடுச்சு.

லோகு கைய தூக்கி எல்லாரையும் அடக்கினான். "தணி, பதறாத. இத எடுக்கும்போது நாங்க எங்க நின்னோம்?"

"எனக்கு எதிர்க்க."

"நீ?"

"உங்களுக்கு எதிர்க்க."

"நாங்க இந்தப் பக்கம் இருக்கோம். அப்ப இதுக்கு எதிர்ப்பக்கம் யாரு?" போட்டோவ பின்னால திருப்பிக் காட்டினான்.

நாலு பேரும் பின்பக்கத்த பாத்தாங்க. வெள்ளையா இருந்துச்சு. ஓரத்துல ஸ்டூடியோக்காரன் குத்தின ஊதா சீலு. தணிகாசலத்துக்கு போன உசுரு திரும்பி வந்துச்சு.

ஆனா இன்னொரு சிக்கல். வேதாசலம், வரும்போது கேமராவையும் எடுத்துட்டு வாங்க, பொண்ணையும் ஒண்ணு எடுத்துக்கலாம்னு சொல்லியிருந்தாரு. கேமரா தணிகாசலம் கைய வுட்டு எறங்கக் கூடாது. தணிகாசலமோ, போட்டோ அவங்களுக்குப் புடிச்சு சொல்லி அனுப்புற வரைக்கும் பொண்ணு வீட்டு வாசல மிதிக்கக் கூடாதுன்னு அக்கா சொல்லியிருக்கா.

"மாப்பிள்ளையா வராத. கேமராக்காரனா வா" அப்டின்னு எத்திராஜு ஒரே வரியில முடிச்சுட்டான்.

புதன்கிழம அம்பத்தூர்ல நாலு பேருக்கும் காபி குடுத்தாங்க. வேதாசலம் போட்டோவப் பொரட்டிப் பொரட்டிப் பாத்தாரு.

"இதுல மாப்பிள்ள யாரு? கண்ணத் தெறந்து புடிச்சிருக்காங்களே, இந்தப் பெரியவரா?"

"இல்லிங்க. அவரு யாருன்னு எங்களுக்கே தெரியாது" அப்டின்னு சொல்லி, லோகு போட்டோவ மரியாதையா வாங்கி திருப்பிக் குடுத்தான். "மாப்பிள்ள எதிர்ப்பக்கம் நின்னாருங்க."

அறிவு விஷயத்துல இந்த நாலு பேருக்கும் ஊரெல்லாம் சொந்தக்காரங்க உண்டு போல. வேதாசலம் கண்ணாடிய மாட்டிக்கிட்டு அந்த வெள்ளைய ரொம்ப நேரம் பாத்தாரு. பொண்டாட்டியக் கூப்பிட்டுக் காட்டினாரு.

"நல்ல செவப்பு. நம்ம பக்கத்துல இந்த கலர்ல பையன் கெடைக்கிறது கஷ்டம்."

"எல்லாம் சரி, ஓரத்துல என்ன ஊதாவா? பச்ச குத்தியிருக்காரா?" அந்தம்மா கேட்டாங்க.

"ஸ்டூடியோக்காரன் குத்தினதும்மா. தேச்சுக் குளிச்சா போயிடும்."

இந்தப் பேச்சு எதுவும் தணிகாசலம் காதுல ஏறல. அமுலு தட்டோட வந்து நின்னா. அவன் கேமராவ கண்ணுல வச்சவன் வச்சவன்தான். அரை மணி நேரமா எறக்கல. உள்ள ரோலே இல்ல, அது வேற விஷயம்.

வேதாசலம் தொண்டையச் செருமினாரு.

"மாப்பிள்ளய எங்களுக்குப் புடிச்சுப் போச்சு. தை மாசம் வச்சுக்கலாம். ஒரே ஒரு விஷயம். கல்யாணத்துக்கு இந்த கேமராக்காரன மட்டும் கூட்டிட்டு வராதீங்க. வந்ததுலேந்து எங்க பொண்ணையே பாத்துக்கிட்டு இருக்கான். மாப்பிள்ள காதுக்குப் போச்சுன்னா நல்லாவா இருக்கும்?"

மூணு பேரும் திரும்பி தணிகாசலத்த மொறச்சாங்க. யோசிச்சுப் பாத்தா தணிகாசலத்துக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு. தாலி கட்டப் போறவன் மனசு என்ன பாடு படும்? எழுந்து நின்னு, ஒரு கையில கேமராவப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால வேதாசலம் கையில அடிச்சு சத்தியம் பண்ணிக் குடுத்தான். "கல்யாணத்து அன்னிக்கு நான் அந்தப் பக்கமே வரமாட்டேங்க."

திரும்பி வரும்போது பஸ்ல ஜன்னலையே பாத்துக்கிட்டு வந்தான். கன்னியப்பனுக்கு மனசு கேக்கல. தோள்ல கைய போட்டான்.

"வுடு மச்சான். நாங்க மூணு பேரும் போறோம் இல்ல? வேற கேமரா வாங்கி தாலி கட்டுறத எடுத்துட்டு வந்து காட்டுறோம். பின்பக்கம் திருப்பிப் பாரு, நீ அங்கதான் நிப்ப."