மூளைக்கு ஒரு கோட்டு வார்னிஷ்

புளிச்சங்குளம் கதவுப் பட்டறையில் பாலிஷ் போடும் மூன்று பேருக்கும் மூளை உண்டா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவர்களே திகைத்துப் போயிருப்பார்கள். மேஸ்திரி சங்கிலிமுத்து, அவர் எது சொன்னாலும் தலையாட்டும் ஆவுடை, கல்யாணத்துக்குப் பெண் பேசி வைத்திருந்த குருந்தன், இவ்வளவுதான் கூட்டம். ஆனால் அவர்கள் பாலிஷ் போட்ட கதவில் முகம் பார்த்துத் தலை சீவலாம், அதையும் சொல்லியாகணும்.

வினை தின்னர் வாடையில் வந்தது. வார்னிஷில் தின்னர் கலந்து கலந்து குருந்தனுக்குத் தலை கிறுகிறுத்தது. ஒருநாள் வருங்கால மாமனார் வழியில் பார்த்து, உன் பேர் என்னப்பா என்று கேட்டார். பயல் ரொம்ப யோசித்துவிட்டு, மேஸ்திரியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான். மனுஷன் ஆடிப்போய்விட்டார். வெள்ளிக்கிழமை வருவேன், அன்றைக்கும் இப்படித்தான் என்றால் பெண் கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். குருந்தன் அன்று சாப்பிடவே இல்லை, பாவம்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மூவரும் வைத்தியரிடம் ஓடினார்கள். தின்னர் வாடை மூளையை அரிக்கும், நல்லெண்ணெய்தான் அதற்குக் காவல் என்றார் அவர்.

"தலையில தேச்சா உள்ள இறங்கணும். இறங்கினது வெளிய வரக்கூடாது. அம்புட்டுதான்."

நம்ம ஆட்களுக்கு இது போதாதா!

பட்டறைக்கு வந்து குருந்தனை முக்காலியில் உட்கார வைத்தார்கள். மேஸ்திரி அவன் மண்டையை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, வைரம் பாய்ந்த சத்தம் கேட்கிறது என்று திருப்திப்பட்டார். ஆவுடை எண்ணெயை ஊற்றினான். அது நேரே மூக்கு வழியாக வழிந்து சட்டையில் போய்ச் சேர்ந்தது.

"ஏன் அண்ணாச்சி, உள்ள போகமாட்டேங்குது?"

"உப்புத்தாள் போடாத பலகையில என்னைக்குடா எண்ணெய் இறங்கியிருக்கு?" என்றார் மேஸ்திரி.

அதுவும் நியாயம்தானே. முடியை வழித்து எறிந்துவிட்டு உப்புத்தாளை எடுத்தார்கள். முரட்டுத்தாளா, நைஸ்தாளா என்று மட்டும் கொஞ்சம் விவாதம் நடந்தது. மாப்பிள்ளை ஆச்சே, நைஸ்தாள்தான் மரியாதை என்று முடிவாயிற்று. தேய்க்கத் தேய்க்கக் குருந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். கல்யாண ஆசை அப்படி. பிறகு எண்ணெய் தேய்த்தார்கள், மண்டை செக்கச் செவேல் என்று மின்னியது.

அப்புறம்தான் ஆவுடைக்குக் கவலை வந்தது. இறங்கின எண்ணெய் வெளியே வந்துவிட்டால்? மேஸ்திரி சிரித்தார். இத்தனை வருஷத்தில் நம்ம கதவு எதிலாவது எண்ணெய் வெளியே வந்திருக்கிறதா, மேலேதான் வார்னிஷ் இருக்கிறதே என்றார். ஆளுக்கொரு பிரஷ்ஷை எடுத்து, தாராளமாக ஒரு கோட்டு அடித்தார்கள்.

அது காய்வதற்குள் மாமனார் வந்துவிட்டார். வந்ததும் பேரைத்தான் கேட்டார். குருந்தன் என்று கணீரென்று பதில் வந்தது. பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லாயிருப்பா என்று மாப்பிள்ளை தலையில் கையை வைத்தார்.

வைத்த கை வரவில்லை. இழுத்தார், மாப்பிள்ளையும் கூடவே வந்தான்.

பதறாதீங்க, தின்னர் தடவினால் விட்டுவிடும் என்று ஆவுடை டப்பாவைத் திறந்தான். மேஸ்திரி பாய்ந்து வந்து அதை மூடினார். மாப்பிள்ளை மூளைக்குக் காவல் போட்டாயிற்று, சரி. மாமனார் மூளைக்கு?

இருவரும் பெரியவர் தலையையே கொஞ்ச நேரம் பார்த்தார்கள். மேஸ்திரி அதை விரலால் தட்டிப் பார்த்தார்.

"பழைய மரம்டா," என்றார். "முரட்டுத்தாளையே எடு."