மீசை முளைத்த பானை

மயிலுக்குத் தோட்டமும் மனுசனுக்குச் சந்தும் கொடுத்த ராசா ஒருத்தன் ரொம்பக் காலத்துக்கு முன்னால் குவளைமேட்டு நாட்டை ஆண்டான். பெயர் விறல்மாறன். மயில் வளர்க்கும் ஆசை வந்ததும், ஏரிக்கரையில் குடியிருந்த நூறு குடும்பங்களைக் கிளப்பி, கோட்டைக்குப் பின்னால் ஒற்றைச் சந்தில் அடைத்துவிட்டான். யோசனை சொன்னவர் அவைப்பிரதானி விடங்கர்.

சந்தில் ஒரு வீட்டுத் தாளிப்புக்கு நாலு வீடு தும்மியது. வலைக்காரர் மகள் குயவர் மகனைப் பார்த்தாள். தச்சர் மகன் நெசவாளர் மகளைப் பார்த்தான். ஒரே ஆவணியில் பதினெட்டுக் கல்யாணம்!

விடங்கருக்குப் பொறுக்கவில்லை. “அரசே, கூட்டம் பெருகுகிறது. சந்தில் இனி கல்யாணமே கூடாது என்று ஆணை போடுங்கள். தானாக ஒடுங்கிவிடுவார்கள்” என்றார். ராசாவும் போட்டுவிட்டான்.

அந்தச் சந்தில்தான் கொற்றி இருந்தாள். அரண்மனை மீன்களுக்கு இரை கொடுப்பவள். குளத்தைத் துணியால் அரித்து, எள்ளிலும் சிறிய நீர்த்தெள்ளுப் பூச்சிகளைப் பிடித்துப் பானையில் வளர்ப்பாள். அவளுடைய ஒரே மகள் நல்லிக்கு எதிர்வீட்டுக் குயவர் மகனோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஆணையைக் கேட்டதும் கொற்றி முந்தானையை இழுத்துச் செருகினாள். ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு நேரே சபைக்குள் நுழைந்தாள்.

“ராசா, இந்த ஆணையை என் பானைக்கும் வாசிக்கச் சொல்லுங்கள். பானை கீழ்ப்படிந்தால் என் மகளும் கீழ்ப்படிவாள்.”

“அடி தெள்ளுக்காரி, பைத்தியமா உனக்கு?” என்றார் விடங்கர்.

“உள்ளே ஒரே ஒரு பெண் தெள்ளுதான் ஐயா. ஆண் வாடையே கிடையாது. உங்கள் வீட்டிலேயே வையுங்கள். வாயைத் துணியால் கட்டி உங்கள் முத்திரையையே வையுங்கள். தினம் ஒரு கரண்டி பச்சைக் குளத்துத் தண்ணீரைத் துணி வழியாக ஊற்றினால் போதும். இதன் கூடப் பிறந்தவளை அரண்மனையின் மீனில்லாத பெரிய கல்தொட்டியில் விடுகிறேன். நாற்பது நாள் கழித்துப் பாருங்கள். பானையில் கல்யாணம் நடக்காவிட்டால் நான் நாட்டை விட்டே போகிறேன்.”

“மாப்பிள்ளையே இல்லாமல் கல்யாணமா!” ராசாவுக்குக் கண்ணீர் வருகிற அளவு சிரிப்பு. “வாசியுங்கள் விடங்கரே!”

விடங்கர் பானைக்கு முன்னால் நின்று ஆணையை முழுக்க வாசித்தார்.

நாற்பது நாளும் கொற்றி தன் வீட்டுப் பானைகளையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பானைக்குள் இப்படி நடப்பதை இருபது வருசம் கண்ணால் கண்டதுதான். ஆனாலும் பானை பொய்த்துவிட்டால்?

நாள் வந்தது. மணிக்கல் சோதிக்கும், சிறியதைப் பெரிதாய்க் காட்டும் பளிங்குச் சில்லைக் கண்ணில் வைத்து, ராசா முதலில் கல்தொட்டித் தண்ணீரைப் பார்த்தான். எல்லாம் குண்டுகுண்டான தாய்கள். துணை தேடாமல், முதுகுப் பையில் குஞ்சு சுமந்து நிம்மதியாய் நீந்தின.

பிறகு பானையைத் திறந்தார்கள். தண்ணீர் தெரியாத நெரிசல். ராசா குனிந்தவன் நிமிரவே இல்லை.

“விடங்கரே, சின்னதாகச் சில தெள்ளுகள். முன்னால் மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறதே!”

“அவைதான் மாப்பிள்ளைகள்” என்றாள் கொற்றி.

“மோசடி! யாரோ உள்ளே விட்டிருக்கிறார்கள்!” என்று கத்தினார் விடங்கர்.

“முத்திரை உங்களுடையது, வீடும் உங்களுடையது. யார் விட்டது, நீங்களா?”

சபை அதிர்ந்து சிரித்தது. விடங்கர் தன் மீசையைக் கையால் மூடிக்கொண்டார்.

கொற்றி சிரிக்கவில்லை. “இடம் இருந்தவரை தாய்கள் தனியாகவே பெண்களைப் பெற்றன. நெருக்கினீர்கள், அதே தாய்கள் ஆண்களையும் பெற்றன. இப்போது ஜோடி சேர்ந்து, கறுப்புச் சேணம் போட்ட மாதிரி முதுகில் கெட்டி முட்டை சுமக்கின்றன, பாருங்கள். பானை காய்ந்தாலும் அந்த முட்டை சாகாது. அடுத்த மழைக்குப் பொரிக்கும். எங்களை நெருக்கியது நீங்கள். கல்யாணம் கூடாது என்று சொல்ல உங்களுக்கு என்ன வாய் இருக்கிறது?”

வாளை உருவிய காவலனை ராசா கையமர்த்தினான்.

“ஆணை ரத்து. மயில்களை விடங்கர் வீட்டுத் தோட்டத்துக்கு ஓட்டுங்கள். அவரே இரை வைத்து, அவரே கூட்டிப் பெருக்கட்டும். கொற்றி, ஏரிக்கரையை உன் ஜனங்களுக்குப் பரிசாகத் தந்தேன்.”

ஓலையில் எழுதி நீட்டினார்கள். கொற்றி கை நீட்டவில்லை.

“எங்கள் மண்ணை எங்களுக்கே பரிசாகக் கொடுப்பீர்களா, ராசா? ‘பரிசு’ என்ற சொல்லை அடியுங்கள். ‘திருப்பிக் கொடுத்தோம்’ என்று எழுதுங்கள். வாங்கிக்கொள்கிறேன்.”

ராசாவின் முகம் சிவந்தது. பிறகு எழுத்தாணியைத் தன் கையிலேயே வாங்கி, அந்தச் சொல்லை அடித்து, ‘திருப்பிக் கொடுத்தோம்’ என்று எழுதினான்.